இழை என்று கத்தியது நான்தான்

மாசி 19, திங்கள்

இப்போதே வெயில். போதமலைப் பக்கம் புகை போல மூட்டம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் நாற்பது. திருத்தியது ஒன்பது. மீதி நேரம் ஜன்னல்.

மாடியில் தேசப்படங்கள் வைக்கும் அறை. இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே இடம். நேர் கீழே கிளப் மைதானம். ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டுகிறார்கள். பேட்மிண்டன். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், இருபத்தொன்பது எடுத்தால் ஓர் ஆட்டம். சேலத்தில் கோடைப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாசம். இன்றுதான் நம் புது செட் இறங்கியது.

பழைய செட்டில் மிச்சம் ஒரே ஆள். ஒருவர் பட்டாளத்துக்கு. ஒருவர் போத்தனூர் ரயில்வேக்கு. இரண்டு பேரைக் கோயமுத்தூர் மில் ஒன்று வேலை கொடுத்து இழுத்துக்கொண்டது. பெயருக்கு மில் வேலை, ஆடுவது அவர்கள் செட்டுக்கு. இங்கே வளர்ந்த கைகள்!

புது செட்:
1. தபால்கார ரங்கசாமி அண்ணன். கேப்டன். பழைய ஆள் இவர்தான். வயது முப்பத்தாறு. ஊர் ஊராக நடந்த கால், ஓய்வதில்லை.
2. அருணாசலம். எங்கள் தெரு. நல்ல கை. கைக்கும் காலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
3. அவன் பங்காளி மாரிமுத்து. பந்து வந்தால் கண்ணை மூடுகிறான்.
4, 5. பாவடித் தெரு இரட்டையர். ஒருவன் எடுப்பான் என்று மற்றவன் விடுகிறான். மற்றவனும் அப்படியே.

நால்வரும் தறிக்காரர்கள். பகல் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்து, அப்படியே எழுந்து வருகிறார்கள்.

எதிரே ஆடியவர்கள் கோர்ட் குமாஸ்தாக்கள். ஐந்து தொப்பைகள். 29–9. தொப்பைகள் ஜெயித்தன.

மாசி 20, செவ்வாய்

காலையில் பெரிய டீச்சர் என் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார். பிறகு வராந்தாவில்: "பாடம் நல்லாத்தான் நடத்துறீங்க. ஆனா உங்க குரல் மூணாவது பெஞ்சோட நின்னு போகுது. பி.ஏ. படிச்ச பொண்ணுக்கு இவ்வளவு பயமா?" காலேஜிலும் இதே. "சத்தமாகப் பேசு." ஐந்து வருஷமாக எல்லோரும் எனக்குச் சொல்லும் ஒரே புத்திமதி.

சாயங்காலம் கிளப் பிரசிடென்ட் வந்தார். வக்கீல். ஜன்னலுக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்ததால் ஒவ்வொரு சொல்லும் மாடிக்கு வந்தது.

"ரங்கசாமி, இது செட்டா? சந்தைக் கூட்டமா?"

"புது ஆளுங்கதானுங்க. ஒரு வருசம் பொறுத்தா நிமுந்துருவாங்க."

"ஒரு வருஷம் சேலத்துல போய் மானத்தை வாங்கிக்கணுமா? தறிக் கைக்கு நாடாதான் தெரியும், பேட் தெரியாது. பங்குனி அமாவாசைக்கு நாமக்கல் செட் வருது. அன்னைக்கு ஒரு ஆட்டமாவது எடுக்கட்டும், சேலத்துக்குப் பேர் கொடுக்கிறேன். இல்லேன்னா இந்த நாலு பேரும் வேண்டாம். அடுத்த வருஷம் வெளியூர் ஆளுங்களை வச்சு ஆடுவோம்."

ர. அண்ணன் தலையை ஆட்டினார். நால்வரும் காதில் விழாதது போல வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிமுத்து முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவன் போல நெடுநேரம். பகலெல்லாம் அறுந்த இழை முடிகிறவன்!

தறிக் கையாம். என் அப்பா கை தறிக் கை. என் கையிலும் நாடாவுக்குத் தார் நூல் சுற்றிய காய்ப்பு இன்னும் இருக்கிறது. இதே கையால் பரீட்சை எழுதினேன்.

மாசி 22, வியாழன்

பொறுக்கவில்லை. வரிசையாக எழுதி வைக்கிறேன்.

— சர்வீஸ் போட்ட பின் பந்தை ரசித்துக்கொண்டு நிற்பது.
— "நான், நான்" என்று இரட்டையர் இருவரும் ஓடி முட்டிக்கொள்வது.
— தோற்ற பிறகு சிரிப்பது. என்ன சிரிப்பு?
— நல்ல பந்து இரண்டே. மூன்றாவது மொட்டை. யுத்தத்தினால் கம்பளிப் பந்து கிடைக்கவில்லையாம்.

29–12. மூன்று முன்னேற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்.

வீட்டுக்கு வர ஆறரை. அம்மா: "நோட்டுத் திருத்தறது எந்நேரமும் மைதானத்துப் பக்கந்தானா அம்மிணி?" தெரிந்துதான் வைத்திருக்கிறாள். அப்பா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கி, "நம்ம செட்டு என்னாச்சு சாமி?"

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நான் மதராஸ் ஹாஸ்டலில் இருந்த நான்கு வருஷமும் மாசம் ஒரு கார்டு வரும். ர. அண்ணன் கையெழுத்து. "அனைவரும் நலம். நம்ம செட் திருச்செங்கோட்டை ஜெயித்தது. நன்றாகச் சாப்பிடவும்." மற்றப் பெண்களுக்கு அப்பாக்கள் இங்கிலீஷில் எழுதினார்கள். என் கார்டை மறைத்து வைத்துப் படிப்பேன். அப்போது மறைத்தது தப்பு.

மாசி 26, திங்கள்

இன்று நோட்டே எடுக்கவில்லை. ஒரு தாளில் நம் பக்கம் அடித்த பந்துகளை மட்டும் குறித்தேன். எதிரியின் இடது பக்கம் போனால் இ, வலது பக்கம் போனால் வ.

ஏன் குறித்தேன்? தொப்பைகள் ஓடுவதே இல்லை. நின்ற இடத்துக்குப் பந்து வருகிறது. ஒருவர் வெற்றிலையே போட்டுக்கொண்டு ஆடுகிறார். எப்படி?

தாளில் விழுந்தது: இ வ இ வ இ வ இ வ வ இ வ இ வ இ வ இ வ...

ர. அண்ணன் அடித்தது மட்டும் தாறுமாறு. மற்ற நால்வரும் தவறாமல் மாற்றி மாற்றி. யார் அடித்தாலும் சரி, போன பந்து இடம் என்றால் இந்தப் பந்து வலம்.

வீட்டில் விளக்கு வைக்கும் நேரம். அப்பா கடைசி முழம் நெய்துகொண்டிருந்தார். கயிற்றை இழுக்க, குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இடத்திலிருந்து வலம். இழுக்க, வலத்திலிருந்து இடம். டக், டக். நாடா ஒரே பக்கம் இரண்டு தரம் போனதாக உலகத்தில் கிடையாது. ஏழு வயதிலிருந்து அந்த நால்வர் கையிலும் இதுதான் ஓடுகிறது.

பந்தை ஆடவில்லை. துணி நெய்கிறார்கள்!

சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகுதான் தோன்றியது: தொப்பைகளுக்கே புரிந்தது நாமக்கல்காரர்களுக்குப் புரியாதா?

மாசி 27, செவ்வாய்

ஒன்பது மணித் தபால். ர. அண்ணன் வாசலில்: "அம்மிணி, உங்களுக்கு ஒன்னுமில்லீங்க. அடுத்த ஊட்டுக்குத்தான்."

தாளை நீட்டினேன். சொல்ல வேண்டும் என்று ராத்திரி தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "இ, வ" என்றேன்.

"என்னதுங்க?"

"பந்து... தறி மாதிரி போகுதுங்க."

அவர் தறி ஓட்டாத குடும்பம். புரிய வைக்க அப்பா தறியையே காட்ட வேண்டியிருந்தது. பையோடு உள்ளே வந்து நின்று பத்து இழை பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டார். "அட சாமி. ஒரு வாரமா நானும் தலையப் பிச்சுக்கறேன். ஜன்னல்ல இருந்து இதெல்லாம் தெரியுதுங்களா?"

நான் ஜன்னலில் இருப்பது அவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும் போல.

மாசி 29, வியாழன்

29–4.

ர. அண்ணன் நால்வரிடமும் சொல்லிவிட்டார். "மாத்தி மாத்திப் போடாதீங்கடா." அவ்வளவுதான். அதற்கு மேல் கையே ஓடவில்லை. அருணாசலம் ஒவ்வொரு பந்துக்கும் நின்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் பந்து பின்னால் விழுந்து கிடந்தது. இரட்டையர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

வக்கீல் எழுந்தே போய்விட்டார். போகும்போது, "அமாவாசை வரைக்கும் எதுக்கு?"

என்னால் வந்தது. வாயைத் திறக்காதவள் திறந்தால் இப்படி. நடக்கத் தெரிந்தவனிடம் எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டது போல ஆயிற்று.

தெருவில் அருணாசலம் எதிரே வந்தான். "ஏனுங்க டீச்சரம்மா, பி.ஏ.வுல பேட்டு புடிக்கவும் சொல்லித் தந்தாங்களாக்கும்?" கோபமில்லை, கேலிதான். ஆனாலும் சுட்டது. சொல்லியிருக்க வேண்டியது வீட்டுப் படியேறும்போது ஞாபகம் வந்தது: "இல்லை, தார் சுற்றத் தெரியும், அது போதும்."

பங்குனி 2, ஞாயிறு

காற்றே இல்லை. தலைக்குக் குளித்தேன். ஜாக்கெட் இரண்டு தைத்தாயிற்று.

மத்தியானம் அம்மா தறிக்குப் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று "இழை!" என்றாள். பாவில் ஒரு நூல் அறுந்திருந்தது. அப்பாவின் கை பாதி இழுப்பில் நின்றது. நாடா பாதி வழியில் செத்துப் படுத்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது கேட்டது, கை நின்றது. நடுவில் யோசனை என்று ஒன்று இல்லை.

என் ஊசி விரலில் ஏறிவிட்டது.

ஓங்கிய கை பாதியில் நின்றால் பந்து என்ன ஆகும்? வலையைத் தாண்டி அப்படியே விழும். எதிரிகள் ஐந்து பேரும் பின்னால், அடுத்த பந்து எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்களாக, சௌகரியமாக நின்றுகொண்டிருப்பார்கள்.

மாற்றி மாற்றியே போகட்டும். நன்றாக நம்பட்டும்.

பங்குனி 3, திங்கள்

வாசலில் காத்து நின்றேன். நானாகப் போய் ஓர் ஆண்பிள்ளையை வழிமறித்தது இதுதான் முதல் தடவை. "அண்ணா, அவங்களை யோசிக்கச் சொல்லாதீங்க. பழையபடியே ஆடட்டும். நடுவுல நீங்க 'இழை'ன்னு ஒரு சத்தம் போடுங்க."

"போட்டா?"

"கை நிக்கும்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நெம்ப வெசனப்பட்டு யோசிச்சீங்களாட்டம் இருக்குது." சிரித்துக்கொண்டே போனார். செய்வாரா தெரியவில்லை.

பங்குனி 6, வியாழன்

செய்தார்!

முதல் தடவை அருணாசலம் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, "எங்கே?" என்று தரையில் நூலைத் தேடினான். மைதானமே சிரித்தது. நானும். இரண்டாவது தடவை பந்து வலையிலேயே முட்டியது. மூன்றாவது, வலையைத் தொட்டும் தொடாமலும் தாண்டி, பொத்தென்று. தொப்பைகள் ஐவரும் பின்னாலிருந்து அதை வேடிக்கை பார்த்தார்கள். வெற்றிலைக்காரர் மெல்வதை நிறுத்திவிட்டார்.

29–21. தோல்விதான். ஆனால் இன்று அவர்கள் தொப்பை வியர்த்தது.

பங்குனி 10, திங்கள்

ர. அண்ணன் ஒரு கார்டும் பழைய நோட்டீஸும் கொண்டு வந்தார். "சேலம் போட்டிக்குப் பேர் குடுக்கக் கடைசி நாள் வியாழன் தபாலுங்க. வக்கீலையா அமாவாசை முடிஞ்சுதான் எழுதுவேன்ங்கறார். அப்ப எழுதிப் போட்டா வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேரும். அவருக்கும் அது தெரியும்."

நோட்டீஸை இரண்டு தரம் படித்தேன். கேப்டன் கையெழுத்து இருந்தால் போதும். பிரசிடென்ட் என்ற சொல்லே அதில் இல்லை.

"இங்கிலீசுல எழுதோணுமுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும்."

நான்கு வருஷம் என் அப்பாவுக்காக இவர் எழுதினார். நான் நான்கு வரி. எழுதினேன். ஐந்து பெயர்கள். தொழில் என்ற இடத்தில் "நெசவு" என்பதை நான்கு தரம், முழுதாக, புள்ளி வைத்துச் சுருக்காமல். அவர் கையெழுத்துப் போட்டு, தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பங்குனி 12, புதன். அமாவாசை

அமாவாசைக்குத் தறி கிடையாது. தெரு முழுக்கச் சத்தமே இல்லாமல், காது அடைத்தது போல. நாலு மணிக்கு அத்தனை தறிக்காரர்களும் மைதானத்தில். அப்பா சலவை வேட்டியில். பெண்பிள்ளை யாரும் இல்லை. நான் ஜன்னலில்.

நாமக்கல் செட் வெள்ளைக் கால்சட்டை. நம்மவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு.

முதல் ஆட்டம் 29–11. பார்க்க முடியவில்லை. மாரிமுத்து மறுபடி கண்ணை மூடினான். ர. அண்ணன் ஒரு தடவைகூட "இழை" சொல்லவில்லை. நான் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. இடம் வலம் இடம் வலம் என்று வெள்ளைக் கால்சட்டைகள் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஆரம்பித்தார். "இழை!" பொத். "இழை!" பொத். தறிக்காரர் கூட்டத்துக்கு விஷயம் பிடிபட்டதும் ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், அலை மாதிரி. நாமக்கல்காரர்கள் மேலும் கீழும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது ஏதோ சாமி பேர்.

20–20. 24–25. 28–26, சர்வீஸ் நம்முடையது. ஒரே ஒரு புள்ளி.

பந்து போய் வந்தது, போய் வந்தது. ஓரத்துப் பந்துக்கு ர. அண்ணன் பாய்ந்தார். எடுத்துவிட்டார், ஆனால் குப்புற விழுந்து மூச்சு அடைத்துக் கிடந்தார். எதிரிகள் உயரத் தூக்கி அடித்தார்கள். பந்து அருணாசலத்துக்கு. அவன் கை ஓங்கிவிட்டது. வெள்ளைக் கால்சட்டைகள் ஐந்தும் பின்னால், வலது பக்கம் சாய்ந்து, தயாராக. ர. அண்ணன் வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை.

"இழை!"

யாரோ கத்தினார்கள் என்று நினைத்தேன். என் தொண்டை எரிந்தது.

அருணாசலம் கை நின்றது. பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, உருளக்கூட இல்லை.

29–26. ஒரு ஆட்டம். எடுத்தாயிற்று.

கூட்டம் கத்தவில்லை. எல்லாத் தலையும் மேலே திரும்பியது. முந்நூறு முகம் இருக்கும். வழக்கமாக என்றால் உட்கார்ந்து ஒளிந்திருப்பேன். நின்றேன். அப்பா துண்டை எடுத்து ஒரு சுற்று சுற்றினார். அதற்கப்புறம்தான் கூட்டம் கத்தியது.

பின்னால் பெரிய டீச்சர். எப்போது வந்தாரோ.

மூன்றாவது ஆட்டம் 29–24, அவர்களுக்கு. அவர்கள் செட்டில் ஒருவனுக்கு அம்மா ஊர் பள்ளிபாளையமாம், தறிக்கார வீடு. அவன் சொல்லிக் கொடுத்துவிட்டான். "இழை" என்றதும் ஐவரும் முன்னால் ஓடி வந்தார்கள். கெட்டிக்காரப் பயல்.

தோற்றோம். இருந்தாலும் இருபத்து நான்கு.

பங்குனி 13, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. அம்மா மிளகுப் பால் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "கடைசி தெரு வரைக்கும் கேட்டுச்சாம்" என்றாள்.

பள்ளிக்கூடம் போனால் வராந்தாவில் வக்கீல். பெரிய டீச்சர் நாற்காலியில். நான் தூண் பக்கம்.

"ஒரு ஆட்டம் எடுத்தா பேர் கொடுக்கிறேன்னேன். எடுத்தது யாரு? செட்டா, உங்க டீச்சரா? பொம்பளை கத்தி ஜெயிச்சதை நான் கணக்குல சேர்க்க மாட்டேன். பேர் கொடுக்கப் போறதில்லை."

அந்நேரம் ர. அண்ணன் தபாலோடு வந்தார். முழங்கையில் மஞ்சள் பத்து. "பேர் குடுத்தாச்சுங்களே. நேத்துக் காலையிலயே பெட்டியில போட்டுட்டனுங்க. ஆட்டத்துக்கு முந்தியே."

வக்கீல் முகம்! "எடுத்துட்டு வா அதை."

"பெட்டியில உளுந்தது சர்க்கார் சொத்துங்க. தொட்டா எம்பட வேலை போயிரும். உங்களுக்குத் தெரியாத சட்டமா?"

"தந்தி அடிச்சு வேண்டாம்னு சொல்றேன்."

"அடிங்க. பயந்துட்டோம்ங்கறதுக்கு இங்கிலீசுல என்னன்னு நம்ம டீச்சரம்மாவைக் கேட்டுக்குங்க."

"எழுதிக் கொடுத்தது யாரு?"

ர. அண்ணன் பையைத் துழாவினார். சொல்ல மாட்டார்.

"நான்தானுங்க," என்றேன். கட்டின தொண்டை, காக்கை மாதிரி வந்தது. "கத்தினதும் நான்தான். பந்தை அடிச்சது அருணாசலம்."

வக்கீல் குடையை எடுத்துக்கொண்டு போனார். தந்தி போகவில்லை. நாலு மணிக்கு ர. அண்ணன் வந்து சொன்னார்.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "மூணாவது பெஞ்சுக்கு மேல போகாத குரல்னு சொன்னேன். திருத்திக்கிறேன். ஆனா பள்ளிக்கூடத்து ஜன்னல் கத்துறதுக்கு இல்லை." தச்சரை வரவழைத்து மேப்பு அறை ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார். ஆறு ஆணி. எண்ணினேன்.

இது எழுதுவது ஐந்து மணிக்கு, அந்த இருட்டு அறையில். கீழே தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கிறது. மாரிமுத்து ஏதோ சொல்ல, இரட்டையர் சிரிக்கிறார்கள். இன்னும் சர்வீஸ் சரியில்லை, பின்வரிசை ஓட்டை, நல்ல பந்து ஒன்றுதான் மிச்சம். சேலத்தில் முதல் நாளே தோற்கலாம்.

மூலையில் ஒரு நாற்காலி. ஒரு கால் ஆடுகிறது. மண்ணில் வைத்தால் ஆடாது. கீழே கொண்டு போகிறேன்.